சிவப்புக் காரின் நான்கு ப்ளக்குகளும் எங்கள் அக்காவும்

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் விருதுநகர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திருத்தங்கல் தாண்டியாயிற்று. பஸ்ஸுக்கு நின்றால் காரியத்துக்கு வந்து திரும்புகிறவர்கள் கண்ணில் படுவேன். அதனால் நடை. விருதுநகரில் ரயிலேறினால் எங்காவது போய்ச் சேரலாம். எந்த ஊர் என்று யோசிக்கவில்லை. யோசித்துப் போன ஊர் என்று எனக்கு ஒன்றும் கிடையாது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கு என்னைத் தெரியும். ஏழாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், போர்வெல் வண்டி, திருப்பூர் சாயப்பட்டறை, சூரத்தில் துணி மூட்டை தூக்குவது என்று எந்த இடத்திலும் ஒரு வருஷம் தங்காதவன். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் அத்தான், "நீதான் எழுதணும் மாப்ள" என்று சொல்லிவிட்டார். முதலாண்டு நினைவு நாளுக்குள் அச்சாக வேண்டும் என்று அக்கா மகளும் அவசரப்படுத்தியது. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அன்று நான் கிளம்பியதற்குக் காரணம், காலையில் காதில் விழுந்த பேச்சு. அத்தானின் மெக்கானிக் ஷெட்டு வாசலில் அக்கா மகள் தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஷெட்டை இந்த வாரத்தோட மூடிருவோம். எங்க கூடக் கோவில்பட்டிக்கு வந்துருங்க. உங்களுக்கு வண்டி பார்க்க அம்மாவும் இல்ல, கண்ணும் இல்ல."

"அங்கன வந்து என்னத்தச் செய்ய?"

"சும்மா இருங்க. இம்புட்டு நாள் உழைச்சது போதாதா?"

அத்தான் கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான் கிளம்பினேன்.

ஆனைக்குட்டத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒரு வேப்ப மரத்தடியில் சிவப்புக் கார் நின்றது. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. கூரை இல்லாமல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த மாதிரி பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் இந்த வட்டாரத்தில் ஒன்றுதான். விருதுநகரில் பேப்பர் வியாபாரம் செய்யும் பாயுடையது. அவருடைய வாப்பா கொடைக்கானலில் ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. பாய் பானெட்டைத் திறந்து வைத்து, வெள்ளைச் சட்டையில் கரி படாமல் எட்டி நின்று இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா காரியத்துக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன்" என்றார். "வண்டி நடுங்குது, ஓட்டப் பயமா இருக்கு. மூணு மணி நேரமா இங்கன நிக்கேன். பந்தி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பாய்."

"நீ எங்க, பையோட?"

நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. காரையே பார்த்தபடி, "தங்கச்சி இருந்திருந்தா இந்நேரம் ப்ளக்கைப் பார்த்து என்னன்னு சொல்லிருக்கும். இனி இத யாருகிட்ட கொண்டு போவேன்" என்றார். அக்காவை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

நான் பையை வேப்ப மரத்தடியில் இறக்கி வைத்தேன்.

அக்கா பிறந்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குக் கூலிக்குப் போனவர்கள். மழை தொடர்ந்து ஏமாற்றியதும் விஸ்வநத்தத்துக்குக் குடிவந்தோம். அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. அக்கா அந்த வருஷமே வேலைக்குப் போனார். முதலில் தீப்பெட்டி, பிறகு வெடி. அப்பா காசநோயில் போனார். அம்மா வேலை பார்த்த இடத்தில் நடந்த வெடி விபத்தில் போனார். அன்று அக்கா மூன்று ஷெட் தள்ளி இருந்தார். ஒரு வாரம் கழித்து அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனார். வேறு என்ன செய்வது? வீட்டில் நான் இருந்தேன்.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு மருந்துக் கலவையிலும் கொஞ்சம் எடுத்துப் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பார்கள். கொளுத்துவது போர்மேன். எரிந்த இடத்தைக் கூட்டி அள்ளுவது அக்காவின் வேலை. எல்லோரும் தீயைப் பார்க்கும்போது அக்கா தரையைப் பார்த்தார். சாம்பல் வெளுத்திருந்தால் என்ன, கரி ஒட்டியிருந்தால் என்ன, எரியாத மருந்து மணி கிடந்தால் என்ன என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துபோயிற்று. கடைசியில் போர்மேன் கலவையைத் திருத்துவதற்கு முன்னால், "என்னம்மா சொல்லுது?" என்று அக்காவைக் கேட்கும் அளவுக்கு வந்தது.

கம்பெனி வேனைப் பழுது பார்க்க வந்துபோன மெக்கானிக்தான் அத்தான். கல்யாணம் ஆனதும் அக்கா வெடி வேலையை விட்டுவிட்டு, அத்தானின் ஷெட்டில் கூடமாட வேலை பார்த்தார். எதுவும் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாது என்கிற வெடி வேலையின் பழக்கங்கள் அவரை விடவில்லை. இன்ஜினுக்குள் பொறி விடுகிற ப்ளக்கைத் தொடும் முன் செருப்பை வெளியே விடுவார், வளையலைக் கழற்றுவார், கொண்டை ஊசியை எடுத்துத் தகர டப்பாவில் போடுவார். ஷெட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு வேன் டிரைவர், "அக்கா, இது பெட்ரோல் வண்டி, அணுகுண்டு இல்ல" என்றார். "பெட்ரோலுக்கு அது தெரியாதுல்ல" என்றார் அக்கா. ப்ளக்கை இன்ஜினில் சாய்த்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பெட்ரோல் கேன் இருபது அடி தள்ளிப் போக வேண்டும், ஈரமான ப்ளக்கைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். அவசரம் என்று எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும் அதில் மாற்றமில்லை.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் அத்தானுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கத் தொடங்கியது. நட்டும் போல்ட்டும் கைக்குத் தெரியும். சத்தம் காதுக்குத் தெரியும். நிறம்தான் தெரியவில்லை. இன்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை ப்ளக் முனையின் நிறம்தான் சொல்லும். அது தெரியாத மெக்கானிக்கிடம் யார் வண்டி விடுவார்கள்? அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அத்தான் ப்ளக்கைக் கழற்றி, பார்ப்பது போல் முகத்துக்கு நேரே பிடிப்பார். பின்னால் முக்காலியில் இருக்கும் அக்கா மெதுவாக ஒரு சொல் சொல்வார். "காப்பி" என்றால் எல்லாம் சரி. "கரி" என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. "சுண்ணாம்பு" என்றால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. பிறகு அத்தான் சத்தமாகத் தீர்ப்புச் சொல்வார். அடிக்கடி வரும் ஒருவர், "உங்க வீட்ல எப்பவும் காப்பி காப்பிங்கிறாக, ஒரு நாளும் வந்தபாடில்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் காப்பி போட வேண்டியதாயிற்று.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. ஊருக்குத் தெரியாது.

நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், நான் திருப்பூரிலிருந்து வந்து சில மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். அப்போதுதான் பாயின் சிவப்புக் கார் முதன்முதலாக ஷெட்டுக்கு வந்தது. பழைய கார் என்றாலும் பாய் அதைப் பிள்ளை போல வைத்திருந்தார். முழுதாகச் சர்வீஸ் செய்யச் சொல்லி விட்டுப் போனார். நான்கு ப்ளக்குகளையும் சுத்தம் செய்கிற வேலை எனக்கு வந்தது. பெட்ரோலில் நனைத்து, துணியால் துடைத்து, பல் விளக்கும் பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்பது அக்காவின் முறை. எனக்குப் பொறுமை இல்லை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுகிற மருந்துப் பட்டைக் கழிவு அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதில்தான் அரிவாள் துரு தேய்ப்போம், பாத்திரக் கறை தேய்ப்போம். சொரசொரவென்று நன்றாகத் தேயும். நான்கு ப்ளக்குகளையும் அதில் தேய்த்தேன். பீங்கான்கூடப் புதுசு போல வெளுத்தது. அக்கா பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. "இம்புட்டு சுத்தமா?" என்றார். நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் பாய் திரும்பி வந்தார். முகம் காரைவிடச் சிவந்திருந்தது.

"விருதுநகருக்குள்ள ஓட்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியலை. மதுர ரோட்டுல வேகம் எடுத்ததும் வெட்டி வெட்டி இழுக்குது. பின்னால லாரிக்காரன் ஏசுறான், பக்கத்துல பீவி அழுவுது. மெதுவாப் போனா சரியாயிருது. திரும்ப வேகம் எடுத்தா திரும்ப வெட்டுது." ஒரு ப்ளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து அத்தான் முன் நீட்டினார். "உங்களுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லைன்னு ஊருல பேசிக்கிறாக. நான் நம்பலை. இப்பச் சொல்லுங்க, இதுல என்ன தெரியுது?"

அன்றைக்கு ஷெட்டில் இன்னும் மூன்று பேர் வண்டியோடு நின்றார்கள். அத்தான் ப்ளக்கை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்தார். அக்கா சொல்லும் சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல் வரவில்லை. அத்தானின் விரல் அந்தப் பீங்கானைத் தடவிக்கொண்டே இருந்தது. காப்பியும் இல்லை, கரியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, அவர்கள் இருவருக்கும் இடையில் அதற்கு ஒரு சொல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். செருப்பை விட்டார். வளையலைக் கழற்றினார். கொண்டை ஊசியை எடுத்து டப்பாவில் போட்டார். முடி அவிழ்ந்து விழ, அத்தான் கையிலிருந்து ப்ளக்கை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவே வெயிலுக்குப் போனார்.

"பாய், அவுகளுக்கு நிறம் தெரியலை. நாலு வருஷமா நான்தான் பார்க்கேன். இந்த ப்ளக்கைப் பார்த்து மாட்டச் சொன்னதும் நான்தான். குத்தம் என்னோடது."

நின்றவர்களில் ஒருவர் இருமினார். அக்கா ப்ளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கன பாருங்க. வெள்ளைப் பீங்கான் மேல வெல்லப் பாகு பூசின மாதிரி மஞ்சளா ஒரு மினுக்கம். இது தீப்பெட்டி மருந்துப் பட்டையில தேய்ச்சது. அதுல கண்ணாடித் தூள் இருக்கும். மெதுவா ஓட்டினா ஒண்ணும் செய்யாது. வேகம் எடுத்து உள்ள சூடு ஏறுனா, அது உருகிப் பீங்கான் மேல படருது. அப்புறம் கரண்டு முனைக்குப் போய்ப் பொறியாகாம, இதும் மேலயே வழிஞ்சு ஓடிருது. சூடு ஆறுனா சரியான மாதிரி இருக்கும்."

"யாரு தேய்ச்சது?"

"எங்க பக்கம் எல்லாரும் அதுலதான் தேய்ப்பாக பாய். அருவாளைக்கூட."

நான் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

புதிய ப்ளக்குகள் மாட்டிய பின் பாய் மதுரை ரோட்டில் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அத்தானிடம் போகாமல் நேரே அக்காவிடம் வந்து, "இனிமே நீயே பாரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். வாடிக்கையாளர்களில் சிலர் விலகினார்கள். பலர் விலகவில்லை. மறுநாளே அக்கா முக்காலியைப் பின்னாலிருந்து தூக்கி, வெளிச்சம் விழும் வாசலில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயந்தரம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏலே, தேய்ச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அவுக கையில ப்ளக்கை வச்சுக்கிட்டு நின்னாகள்ல, அப்ப நீ வாயைத் தொறந்திருக்கலாம்."

மூன்று நாள் கழித்து நான் சூரத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

சென்ற வருஷம் அக்காவுக்கு மூச்சுத்திணறல் அதிகமானது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அத்தான் போன் செய்து நான் வந்து சேர்ந்தபோது நான்காம் நாள். பேசினால் இளைக்கும். இருந்தாலும் என்னைப் பார்த்ததும், "சோறு தின்னியா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த கேள்வி, "ஷெட்டு தொறந்திருக்கா?"

"பூட்டியிருக்குக்கா."

"அவுக?"

"வாசல்ல உட்கார்ந்திருக்காக."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உட்கார்ந்தே இருந்தா அவுக செத்துருவாகலே" என்றார். எனக்கு அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அது. "நீ இரு" என்றோ, "அவுகளைப் பார்த்துக்கோ" என்றோ அவர் கேட்கவில்லை. என்னிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

வேப்ப மரத்தடியில் நான் முதலில் பாயின் காரிலிருந்த பெட்ரோல் கேனை எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு செருப்பை விட்டேன். பாய் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பச் சொன்னேன். கிளம்பியது, ஆனால் காய்ச்சல்காரன் போல உடம்பு முழுக்க நடுங்கியது. உலர்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் ஒயரோடு இருக்கும் மூடியை ஒரு நிமிஷம் எடுத்து மாட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கு, எதை எடுத்தாலும் சத்தம் இன்னும் மோசமானது. மூன்றாவதை எடுத்தபோது எந்த வித்தியாசமும் இல்லை. வேலை செய்யாதது அதுதான்.

இன்ஜின் ஆறியதும் நான்கையும் கழற்றித் துண்டில் வரிசையாக வைத்தேன். மூன்று காப்பி. மூன்றாவது மட்டும் பெட்ரோலில் நனைந்து கறுப்பாக இருந்தது.

"ப்ளக் போயிருச்சு, அம்புட்டுதான?" என்றார் பாய். "டப்பாவுல புதுசு ஒண்ணு கிடக்கு."

நானும் அப்படித்தான் சொல்லப் போனேன். ஆனால் அக்கா ஒரு நாளும் ஒரு பார்வையில் ப்ளக் மேல் பழி போட்டதில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் துடைத்து இடம் மாற்றிப் போட்டு, வண்டியைத் திரும்பக் கிளப்பச் சொன்னேன். ப்ளக்கில் குற்றம் என்றால் நோய் அதோடு இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும். போகவில்லை. நனைந்து கிடந்த ப்ளக் புது இடத்தில் ஒழுங்காகப் பொறி அடித்தது. நல்ல ப்ளக் மூன்றாம் இடத்தில் சும்மா இருந்தது. அப்படியானால் அந்த இடத்துக்குக் கரண்டு கொண்டுவரும் ஒயரில்தான் குற்றம். மூடியைத் திருகி எடுத்தேன். ஒயரின் நுனி பச்சை பூத்து, பொசுங்கிப்போய் இருந்தது. பாயின் பேனாக்கத்தியால் அரை விரல்கடை வெட்டி, புதுச் செம்பை வெளியே இழுத்து, திரும்ப மாட்டினேன்.

நான்கும் அடித்தன. ஒரே சீரான சத்தம். பாய் கண்ணை மூடிக் கேட்டார்.

"பாய், அந்த மருந்துப் பட்டையில தேய்ச்சது நான்தான்" என்றேன்.

"எந்தப் பட்டை?" என்றவர், யோசித்து, "அட, அதுவா. அது கிடக்கு. ஏறு, அத்தானைப் பார்க்கணும்" என்றார். என் பையை அவரே எடுத்துக் காரில் வைத்தார்.

ஷெட்டு வாசலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கார் நிற்கும் முன்பே, "நாலும் சுத்தமா அடிக்குதே பாய், யாரு பார்த்தது?" என்றார்.

"உங்க மச்சினன்."

அத்தான் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்பது போலத்தான் இருந்தார். அவரிடமும் பட்டை விஷயத்தைச் சொன்னேன். அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"கண்ணுதான் போச்சு மாப்ள, மூக்கு இருந்துச்சு. அன்னைக்கு உன் கையில தீப்பெட்டி மருந்து வாசம் அடிச்சது. உங்க அக்கா சொல்ல வேண்டாம்னுட்டா."

அக்கா மகள் உள்ளேயிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஷெட்டில் நிற்கப் பார்க்கிறேன் என்று அதற்குப் புரிந்துவிட்டது. கோபமில்லாமல், ஆனால் நேராகக் கேட்டது.

"மாமா, நீங்க இருந்தா ஷெட்டு இருக்கும். எத்தனை நாளைக்கு இருப்பீக? அம்மாவ நம்பி இருந்த மாதிரி அப்பா உங்கள நம்பி உட்கார்ந்து, நீங்க திடீர்னு கிளம்பிட்டா என்ன செய்ய?"

நியாயமான கேள்வி. ஒரு வருஷம் என்று சொல்ல வாய் வந்தது. பொய்யாகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில இருப்பேன்" என்றேன்.

அக்கா மகள் அத்தானைப் பார்த்தது. அத்தான், "அது போதும்" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதினோரு நாளும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா, இரவு பகல் பாராமல் அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்த நர்ஸம்மாக்கள், சீசன் நேரத்திலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்ற விஸ்வநத்தம் கம்பெனிப் பெண்கள், கடைசி யாத்திரைக்குத் தன் வேனைக் கொடுத்த டிரைவர் தம்பி, இந்த மலருக்குத் தாள் தந்த பாய். பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும். எழுதிப் பழக்கமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வந்தது ஒரு பால்காரரின் வண்டி. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றார். அத்தான் ப்ளக்கைக் கழற்றி என் பக்கம் நீட்டி, "என்ன நிறம் மாப்ள?" என்று கேட்டார். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.